ஏழாம் கலம்

கிருஷி பவன், மூன்றாம் மாடி, நவம்பர்.
ஜன்னலைத் திறந்தால் புகை,
மூடினால் கோப்பு வாசம்.
இந்த ஆண்டு முதல்முறையாக
வயலில் கூலிக்கு இறங்குபவர்களுக்கும் பதக்கம்.
இருபத்துமூன்று பேர்.
விண்ணப்பம் மட்டும் பழையது,
நிலக்காரர்களுக்கென்று அடித்தது.

பத்தொன்பதாவது பெயர் காசாம்பு,
வயது அறுபத்திரண்டு, திருத்துறைப்பூண்டி வட்டம், நடவு.
பிரிவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
தொலைபேசி என் மேஜைக்கு வந்தது.

"ஏழாம் கலம் காலியாக இருக்கிறதம்மா."
"ஏழு கலமா?"
அந்தப் பக்கம் குரல் சட்டென்று நிமிர்ந்தது.
"நெல்லாவே குடுக்குறீங்களா சார்?
இங்கயே வந்து அளந்து போட்டுடுவாங்களா?"

நெல் இல்லை அம்மா, தாளில் ஒரு கட்டம்,
உங்கள் நிலத்தின் பரப்பளவை எழுத.
கொஞ்ச நேரம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.
"வூடு நிக்கிறதே பொறம்போக்கு சார்."

பூஜ்யம் போட்டேன். கணினி சிவந்தது.
கோடு போட்டேன். சிவந்தது.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
மணி ஐந்தரை,
ஆறுக்குள் பட்டியல் மேலே போகவேண்டும்.

டீச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
ஒருத்தி ஒரு நாளில் நடுவது ஐந்து சென்ட்.
குறுவைக்கு நாற்பது நாள், தாளடிக்கு நாற்பது.
ஆக வருஷத்துக்கு நாலு ஏக்கர்.
பன்னிரண்டு வயதில் சேற்றில் இறங்கியவள்,
ஐம்பது வருஷம்.
ஆற்றில் தண்ணீர் வராத ஒன்பதைக் கழி.
நூற்று அறுபத்துநாலு.

கணினி பச்சையானது.
மறைப்பானேன், எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

விழா பூசாவில்.
"ஸ்ரீமதி காசாம்பு, ஏக் சௌ சௌசட் ஏக்கர்"
என்று வாசித்தார் அறிவிப்பாளர்.
மற்ற எவருக்கும் விழாத நீளத்தில் கைதட்டல்.
மருமகளின் புடவை, இரவல் செருப்பு,
கழுத்தில் நீலப் பட்டி.
மேடையிலிருந்து இறங்கியதும்
பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது என்ன கதிரு?"
"கோதுமை."
"நான் இத நட்டதில்லயே."
"கோதுமையை நடமாட்டார்கள் அம்மா, விதைப்பார்கள்."
"அப்ப குனியவே வேணாமா?"

தேநீர் வேளையில்
டிராக்டர் கம்பெனிக்காரர் ஒருவர்
அவளை இருகை கூப்பி வணங்கி அட்டை நீட்டினார்.
படித்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
பதக்கப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.
போக வர அஞ்சு நாள் கூலி போச்சே,
அத யாரு தருவாங்க என்றாள் என்னிடம்.
அதற்குக் கலம் இல்லை என்றேன்.
சிரித்தாளா, தெரியவில்லை.
அடுத்த பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரலில், லூ வீசும் ஒரு மத்தியானம்,
அவளே கூப்பிட்டாள்.
முதியோர் பணம் மூன்று மாதமாக வரவில்லை.
தாலுகா ஆபீசில் திரையைத் திருப்பிக் காட்டினார்களாம்:
நூற்று அறுபத்துநாலு ஏக்கர்,
டெல்லியின் பதிவு.
பண்ணையாருக்கு எதற்கு உதவித்தொகை?

திருத்தக் குறிப்பு எழுதினேன்.
கோப்பு நாலாம் மாடிக்கு ஏறியது,
அங்கிருந்து சாஸ்திரி பவன் போய்
ஒரே ஒரு கேள்வியோடு திரும்பியது:
மேற்படி நிலம் யாருக்குக் கைமாறியது,
விற்பனையா, தானமா?

அன்று மாலை மெட்ரோவில்
இரண்டு நிலையம் தாண்டி இறங்கினேன்.

மறுநாள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.
எண்ணை அடித்துவிடுகிறேன்,
எப்படியாவது அடித்துவிடுகிறேன் என்றேன்.

"அடிக்காதீங்க சார்.
பணம் வர்றப்ப வரட்டும்.
நட்டது நட்டதுதானே, அதுல என்ன பொய்.
அது எந்தப் பக்கம்,
எதுலேர்ந்து எது வரைக்கும்னு மட்டும்
கேட்டுச் சொல்லுங்க.
ஒரு நாளைக்கி வரப்பு மேல ஏறி
நிமிந்து நின்னு பாத்துட்டு வர்றேன்."